ஐந்து கிணறுகளும் ஒரே விடையும்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயிலும் மாணவர் ஒருவரிடம், மெதைல் செம்மஞ்சள் அமிலத்தில் என்ன நிறம் காட்டும் என்று கேட்டால் மறுமொழி உடனே வரும். சிவப்பு என்பார், காரத்தில் மஞ்சள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்த நிறமாற்றத்தைக் கண்ணால் கண்டதுண்டா என்று அடுத்ததாகக் கேட்டால் பலர் தயங்குவர். இது மாணவரைக் குறைகூறும் பேச்சன்று. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. ஆய்கூடத்தில் கையால் செய்துகாட்ட வேண்டிய பரீட்சை இல்லை. செய்முறை பற்றிய வினாக்களுக்கும் பேனாவினாலேயே விடையளிக்க வேண்டும். புள்ளி எங்கே கிடைக்குமோ அங்கேதான் மாணவரின் நேரமும் பெற்றோரின் பணமும் செல்லும். 'அவதானம்', 'முடிவு' என இரண்டு நிரல்களாக அச்சிட்டுக் கொடுக்கப்படும் குறிப்புகளை மனனம் செய்தவருக்கு, அளவியைத் தொடாமலேயே 'ஏ' சித்தி கிடைத்துவிடவும் கூடும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உளர். அவர்களுக்காக, அளவெட்டியில் நான் மாணவனாக இருந்தபோது நடந்த ஒரு சிறு சம்பவத்தை இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

அது 1994ஆம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீதான பொருளாதாரத் தடை நான்கு ஆண்டுகளை எட்டியிருந்த காலம். எரிபொருள், மின்கலம், சீமெந்து, யூரியா என்று தடைப்பட்ட பண்டங்களின் பட்டியல் நீளமானது. மின்சாரம் 1990இலேயே நின்றுவிட்டது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறையே படித்தது. அளவெட்டிக்கு வடக்கே இராணுவ வேலி; அங்கிருந்து அவ்வப்போது எறிகணைகள் வரும். எங்கள் பாடசாலையில் ஆய்கூடம் என்று அழைக்கப்பட்ட அறையில் நல்ல அளவி ஒன்றும் முனை உடைந்த அளவி ஒன்றும் இருந்தன. ஐதரோகுளோரிக் அமிலம், போருக்கு முன் வந்த போத்தல் ஒன்றின் அடியில் எஞ்சியிருந்தது. ஆசிரியர் அதனைக் குழந்தைக்கு மருந்து அளப்பது போல அளந்தெடுப்பார். காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாக, மாரியில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்து வைத்த மழைநீர் பயன்பட்டது. காட்டியாக மெதைல் செம்மஞ்சள் ஒரு சிறு குப்பியில் இருந்தது. அது முடிந்தால் மஞ்சளும் செவ்வரத்தம்பூவும்தான் என்று அவர் முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

அவ்வளவு தட்டுப்பாட்டுக்கிடையிலும் அவர் எங்களுக்கு ஒரு பரிசோதனையை ஒழுங்கு செய்தார். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் நீர் கொண்டுவர வேண்டும். அந்த நீரில் எவ்வளவு இருகாபனேற்று உள்ளது என்று அளக்க வேண்டும். செயற்பாடு எளியது. குழாயியால் 25 மில்லிலீற்றர் கிணற்று நீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு துளி மெதைல் செம்மஞ்சள் இட்டால் நீர் மஞ்சளாகும். அளவியிலிருந்து செறிவு தெரிந்த அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் செம்மஞ்சளாகத் திரும்பும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். அதுவே முடிவுப் புள்ளி. ஒரு துளி கூடினாலும் சிவந்துவிடும்.

கணக்கும் கடினமானதன்று. அமிலம் லீற்றருக்கு 0.02 மூல் செறிவுடையதாயின், செலவாகும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமாகும். 25 மில்லிலீற்றர் நீருக்கு 7.2 மில்லிலீற்றர் அமிலம் சென்றால், ஒரு லீற்றருக்கு அதன் நாற்பது மடங்கு, அதாவது 288 மில்லிகிராம். நீரின் தற்காலிக வன்மை எனப் பாடநூல் குறிப்பிடுவதை மதிப்பிட இதுவே வழி.

எனக்கு முன்னே செய்தவன் வகுப்பில் முதல் மாணவன். அவனுக்கு 7.2 வந்தது. எனக்கு 8.6 வந்தது. எங்கோ பிழை விட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். அளவியை மீண்டும் நிரப்பக் கேட்பதற்கு அச்சம், அமிலம் வீணாகும். முதல் மாணவனுக்கு வந்ததுதானே சரியான விடையாக இருக்க வேண்டும்? பதிவேட்டில் 7.2 என்று எழுதினேன். பின்னர் தெரிந்தது, எனக்குப் பின்னால் வந்த மூவரும் அதையே செய்திருந்தார்கள் என்று.

பதிவேடுகளைப் பார்த்த ஆசிரியர் கோபிக்கவில்லை. ஐந்து கொப்பிகளையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்துவிட்டு, "அஞ்சு வீட்டுக் கிணறும் ஒரே கிணறோ, பிள்ளையள்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. என் போத்தலில் எஞ்சியிருந்த நீரை எடுத்து என்னையே மீண்டும் செய்யச் சொன்னார். 8.6. இன்னொரு முறை செய்யச் சொன்னார். 8.5. அமிலம் வீணாகிறதே என்று நான் முணுமுணுத்தபோது அவர் சொன்னது: "பொய் எழுதினால்தான் தம்பி அமிலம் வீண்."

அன்று எனக்கிருந்த வெட்கத்தைக் காட்டிலும், எங்கள் கிணற்று நீர் ஏன் மற்றக் கிணறுகளினின்றும் வேறுபட்டது என்ற வியப்பே நாளடைவில் பெரிதாயிற்று. காரணம் காலுக்குக் கீழே கிடக்கிறது. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் வலிகாமத்தின் செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகிறது. மண்ணினுள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாக மாற்றுகிறது. கீரிமலைக் கேணியும் நிலாவரையும் இந்தக் கரைப்பு வேலையின் பெருஞ்சாட்சிகள். ஓரிடத்தில் செம்மண் ஆழமானது, மற்றோரிடத்தில் பாறை முற்றத்திலேயே தலைநீட்டும். ஒரு கிணறு தோட்டத்துக்கு நாள்தோறும் இறைக்கப்படும், மற்றொன்று ஒரு வீட்டாரின் குளிப்புக்கும் சமையலுக்கும் மட்டும் பயன்படும். அதனால் வேலிக்கு இப்பக்கத்துக் கிணறும் அப்பக்கத்துக் கிணறும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டிய கட்டாயமில்லை. எங்கள் வளவில் இரண்டு முழம் தோண்டினாலே கல் தட்டுப்படும். 8.6 என்பது பிழையன்று. அது எங்கள் வளவின் விலாசம்.

வன்னீரை அறிய ஆய்கூடமே வேண்டும் என்பதில்லை. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவை அறியாத யாழ்ப்பாணத்துப் பெண்மணி இருக்க முடியாது. நீரைக் கொதிக்க வைக்கும்போது நிலத்தடியில் நிகழ்ந்தது தலைகீழாக நிகழ்கிறது: காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணக்கல் மீண்டும் கல்லாகிக் கேத்தலில் ஒட்டிக்கொள்கிறது. சவர்க்காரம் நுரைக்காமல் திரைவதும் பருப்பு வேக மறுப்பதும் இதே கல்சியத்தின் வேலையே. 'நல்ல தண்ணீர்க் கிணறு' என்று ஊரில் பெயர் பெற்ற கிணற்றுக்குக் குடமெடுத்து நடந்த நம் முன்னோர் நாவையும் பானையையும் கொண்டே நீரை வகைப்படுத்தியிருந்தனர். எங்கள் ஆசிரியர் அதே நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடித்து, மறுபடி அளக்கச் செய்தார். எண் பாதிக்கும் கீழே இறங்கியது. 'தற்காலிக' வன்மை என்ற பெயரடை அன்றுதான் எனக்குப் பொருள்பட்டது. அதுவரை அது பாடநூலின் ஒரு சொல்.

வன்மை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் குற்றவாளி. அதே கிணற்றில் தன்னைக் காட்டிக்கொள்ளாத வேறொன்றும் இருக்கலாம், அதுதான் நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் உரம், மாட்டுக்கொட்டில், மலசலகூடக் குழி ஆகியவற்றிலிருந்து அது வெடிப்புப் பாறையினூடாக விரைந்து இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் புலப்படாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டுள்ளதை ஆய்வாளர்கள் எண்பதுகளிலிருந்தே எழுதி வந்துள்ளனர். 'கொதித்தாறிய நீர் குடியுங்கள்' என்ற நல்ல அறிவுரை கிருமிக்கு உதவும், நைத்திரேற்றுக்கு உதவாது. இந்த வேறுபாட்டைத் தாய்மார் அறிந்திருக்கிறார்களா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய கவலையன்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ் நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. அவர்களுள் பெருந்தொகையானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். அங்கேயே அவர்களின் பிள்ளைகள் படித்தனர். கற்பிட்டியின் தரையமைப்பு வேறு. அங்கு பாறையில்லை, மணல். ஆயினும் கதை ஒன்றே: ஆழமில்லாத கிணறுகள், இடைவிடாத வெங்காய, மிளகாய்ச் செய்கை, மணலினூடாக வடிந்திறங்கும் உரம், நைத்திரேற்று மிகுந்த நீர். சோனகத் தெருவிலும் வலிகாமம் வடக்கிலும் ஆண்டுகள் பல கழித்து மீண்டவர்களுள் பலரும் வீட்டுக்குக் கூரை போடுமுன் செய்த வேலை, பாழடைந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதுதான். கிணற்றின் மீது நமக்கிருக்கும் நம்பிக்கை அத்தகையது. அந்த நம்பிக்கையை எண்ணால் சோதிக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வளரவில்லை.

அதற்கு நாம் கொடுத்த விலையை 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் காட்டியது. அங்குள்ள அனல் மின்நிலைய வளாகத்திலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்ற முறைப்பாடு எழுந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கண்ட மக்கள் வீதிக்கு வந்தனர். அண்டையிலுள்ள அளவெட்டியிலும் அச்சம் பரவியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதித்த 150 கிணறுகளுள் 109இல் எண்ணெய் மாசு அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தது. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ அபாயகரமான மாசு காணப்படவில்லை என்றது. பொதுமகன் எதை நம்புவான்? யாருடைய மாதிரி, எந்தக் கிணறு, எந்த நாள், எந்த முறை என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிகச் சிலரே. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வெளியான தீர்ப்பில் மின்நிலையத்தை இயக்கிய தனியார் நிறுவனம் பொறுப்பாக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு கட்டளையிடப்பட்டது. நீதி கிடைத்தது என்று சொல்லலாம். ஆயின் மாசுக்கு முன் அக்கிணறுகள் எவ்வாறிருந்தன என்பதைச் சொல்லும் பதிவு எந்த வீட்டில், எந்தப் பாடசாலையில் இருந்தது?

கண்டதைக் கண்டவாறே குறித்து வைப்பது இத்துறைக்குப் புதிதன்று. 'கெமிஸ்ற்றி' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் அல்-கீமியா என்ற அரபுச் சொல்லில் உண்டு. நாம் அற்ககோல் என்பதும் அல்-குஹ்ல் என்பதன் திரிபே. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அர்-ராஸி தம் 'கிதாப் அல்-அஸ்ரார்' நூலில் பொருள்களையும் உபகரணங்களையும் செய்முறைகளையும் வகைவகையாகப் பிரித்து எழுதினார். மறைபொருள் பேசும் இரசவாதிகளிடையே, உலையையும் குடுவையையும் பற்றி வெளிப்படையாக எழுதியதே அவருடைய பெருமை. அந்த அரபுச் சொல் நம்மிடம் வந்த வழி சுவையானது. அளவெட்டியிலிருந்து அதிக தூரமில்லாத மானிப்பாயில், அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். அவரது முயற்சியில் 1875இல் வெளிவந்த தமிழ் இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அரபு மொழியிலிருந்து புறப்பட்ட சொல் ஐரோப்பாவைச் சுற்றி வந்து, தமிழ் விகுதி பூண்டு, மானிப்பாயில் மாணவர் கையில் தவழ்ந்தது. தமிழில் இரசாயனம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் ஐயுறுவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளட்டும்.

இனிச் செய்யத்தக்கது என்ன? செய்முறைப் பரீட்சையை நாடு முழுவதற்கும் நடத்துவதிலுள்ள செலவையும் முறைகேடுகளுக்கான வாய்ப்பையும் அறியாதவனல்லன். அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. முப்பது மாணவர் உள்ள வகுப்பென்றால் முப்பது வீட்டுக் கிணறுகள். ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிந்த பின் ஒருமுறை, கோடை முற்றிய பின் ஒருமுறை, ஒவ்வொருவரும் ஒரு போத்தல் நீர் கொண்டுவரட்டும். இருகாபனேற்றையும் மொத்த வன்மையையும் அளவியால் அளக்கலாம். நைத்திரேற்றை நிறம் காட்டும் சோதனைத் தாள்களால் ஓரளவு மதிப்பிடலாம். திகதி, கிணற்றின் ஆழம், நீர்மட்டம், அருகிலுள்ள பயிர், அளந்தவர் பெயர் ஆகியவற்றோடு ஒரே பதிவேட்டில் எழுதி, அதை மாணவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் பாடசாலையிலேயே பேணட்டும். பாடசாலை ஆய்கூடத்தால் எண்ணெய் மாசையோ பார உலோகங்களையோ கண்டுபிடிக்க இயலாது. அவ்வாறு பாவனை செய்வதும் கூடாது. சந்தேகத்துக்குரிய எண் வந்தால் உரிய சபைக்கு அறிவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஆயினும் பத்தாண்டுகள் இப்படித் தொடர்ந்து எழுதப்பட்ட ஒரு கொப்பி அளவெட்டியில் ஒன்றும் கற்பிட்டியில் ஒன்றும் இருக்குமாயின், அடுத்த முறை நிபுணர்கள் முரண்படும்போது மக்கள் மூக்கையும் கண்ணையும் மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

அதில் ஒரு நிபந்தனை உண்டு. எண்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும். புள்ளிக்காக எழுதப்படும் பதிவேட்டில் எல்லாக் கிணறுகளும் 7.2 ஆகிவிடும் என்பதை நான் அனுபவத்தால் அறிவேன். ஆகையால் இதற்குப் புள்ளி கொடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் எண்ணம். ஆசிரியர் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். புள்ளி இல்லாவிட்டால் பிள்ளைகள் செய்யமாட்டார்கள் என்பார்கள். இருக்கலாம்.

1995 யூலையில் இராணுவம் அளவெட்டிக்குள் முன்னேறியபோது நாங்கள் ஓடினோம். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டில் கொப்பிகள் எவையும் இருக்கவில்லை. கிணறு இருந்தது.

அண்மையில், உயர்தரம் படிக்கும் என் மருமகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அடுத்த வாரமே எங்கள் வீட்டுக் கிணற்று நீரைப் பாடசாலைக்குக் கொண்டுசென்று அளந்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். 9.3 என்றாள். முப்பது ஆண்டுகளில் வன்மை கூடிவிட்டதே என்று நான் தொடங்கினேன். "பொறுங்கோ மாமா," என்று இடைமறித்தாள். "நீங்கள் அளந்தது மாரித் தண்ணியோ கோடைத் தண்ணியோ?"

எனக்கு நினைவில்லை.